‘ஆங்கிலம் வழி’: இதழாசிரியர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன், நிகோஸ் கவதியாஸ் என்ற கிரேக்கக் கவிஞரின் கவிதை ஒன்றைத் தமிழாக்கி ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். கவதியாஸ் கப்பலில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவர். அந்தக் கவிதையில் பேசுகிறவன் கடல்மேல் போக ஏங்கி ஏங்கிக் கரையிலேயே தங்கிப்போனவன். மெட்ராஸுக்கும் சிங்கப்பூருக்கும் அல்ஜியர்ஸுக்கும் ஸ்ஃபாக்ஸுக்கும் கப்பல்கள் எப்போதும்போல மிடுக்காகக் கிளம்பிக்கொண்டிருக்கும். இவன் ஏதோ ஓர் ஆபீஸில் குனிந்து உட்கார்ந்து தடித்தடிப் பேரேடுகளில் கூட்டல் போட்டுக்கொண்டிருப்பான். 1933இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுப்பில் உள்ள கவிதை இது. கிரேக்கக் கவிதையில் நம் ஊர் வந்துவிட்டதே என்ற குஷியில் நான் ‘மெட்ராஸ்’ஸை அடித்துவிட்டு ‘சென்னை’ என்று எழுதினேன். அப்போது அது ஏதோ மொழிக்குச் செய்த தொண்டு மாதிரி இருந்தது.

1933இல் எந்த மாலுமியும் சென்னைக்குக் கப்பல் ஏறவில்லை, மெட்ராஸுக்குத்தான் ஏறினான். கிரேக்கத்தில் அந்தப் பெயரின் அழுத்தம் கடைசி அசையில் விழும்: ‘மத்ராஸ்’. சங்கிலி இழுத்து நங்கூரம் தூக்குகிற மாதிரி ஒரு சத்தம். ‘சென்னை’ என்று முடித்தால் கப்பல் கிளம்பவே கிளம்பாது. இதெல்லாம் பிறகு அந்தக் கவிதையைப் பாட்டாகக் கேட்டபோது உறைத்தது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. அதில் உங்களுக்கும் பங்கிருப்பதால்தான் இந்த மடல். கவிதை அச்சாகி வந்தபோது மேலே கவிஞர் பெயர், கீழே ‘ஆங்கிலம் வழி தமிழில்’ என்று என் பெயர். நான் கிரேக்கத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட அப்போது தெரியாதவன். நான் படித்தது, ரசித்தது, தமிழாக்கியது எல்லாமே ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணி எழுதிய வரிகள். அவர் பெயரை நான் அனுப்பவில்லை. ஆசிரியரும் கேட்கவில்லை. ‘ஆங்கிலம் வழி’ என்ற இரண்டு சொல்லுக்குள் அவரைப் போட்டு மூடிவிட்டோம்.

அவர் பெயர் கெயில் ஹோல்ஸ்ட்-வார்ஹாஃப்ட். கவதியாஸின் கவிதைகளை அவர் ஆங்கிலத்தில் முழுத் தொகுப்பாகக் கொண்டுவந்தது 1987இல். ஆனால் கிரேக்கத்துக்குள் அவர் போனது கவிதை வாசல் வழியாக இல்லை, பாட்டு வாசல் வழியாக. ஹார்ப்சிகார்ட் என்ற, கட்டைகளை அழுத்தி வாசிக்கும் பழைய ஐரோப்பிய வாத்தியம் வாசிப்பவர். 1970களில் இசையமைப்பாளர் மிகிஸ் தியோடோராகிஸ், பாடகர்கள் தியோனிசிஸ் சவோபுலோஸ், மரீஸா கோக் ஆகியோரின் குழுக்களில் சேர்ந்து வாசித்தார். 1975இல் ரெம்பெத்திகா பற்றி ஆங்கிலத்தில் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஆங்கில வாசகர்களில் பலருக்கு அந்த இசையின் பெயரே அந்தப் புத்தகத்தின் மூலம்தான் தெரிய வந்தது. பிறகு தியோடோராகிஸ் பற்றி ஒரு நூல், பெண்களின் ஒப்பாரி பற்றி ஒரு நூல், கிரேக்க எழுத்தாளர் அல்கி ஸேயின் நாவல் ஒன்றின் மொழிபெயர்ப்பு, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி, தன் சொந்தக் கவிதைகள். ஏஜியன் தீவுப் பாட்டுகளைப் பற்றியும் ஒரு புத்தகம் உண்டு. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே நாட்டின் பாட்டையும் பேச்சையும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்.

ரெம்பெத்திகா என்றால் என்ன என்று இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவருடைய காது எங்கே பழகியது என்று தெரிந்தால்தான் நாம் எதை மறைக்கிறோம் என்பதும் தெரியும்.

1922இல் ஆசியா மைனர் போரில் கிரேக்கப் படை தோற்றது. துருக்கிக் கரையில் கிரேக்கர்கள் நிறைந்திருந்த ஸ்மிர்னா நகரம் எரிந்தது. மறுவருடம் லோசான் ஒப்பந்தப்படி மதத்தை வைத்து மக்களைப் பிரித்து மாற்றிக்கொண்டார்கள். சுமார் 12 லட்சம் பேர் துருக்கிப் பக்கத்திலிருந்து கிரேக்கத்துக்கு வந்து இறங்கினார்கள். அன்றைக்கு அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகையே 50 லட்சத்தைச் சுற்றித்தான். பிரேயஸ் துறைமுகத்தைச் சுற்றி தகரக் கொட்டகைகள் முளைத்தன. வந்தவர்கள் கொண்டுவந்த ஸ்மிர்னா காபிக்கடைப் பாட்டும், துறைமுகக் கூலிகளும் சிறைவாசிகளும் ஹஷீஷ் குடிப்பவர்களும் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்த பாட்டும் ஒன்றோடொன்று உரசி உருவானதுதான் ரெம்பெத்திகா. புசூக்கி என்ற தந்தி வாத்தியம் அதன் வாத்தியம். அதன் தங்கச்சி பக்லமாஸ், முழங்கை நீளம் இருக்கும். கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு போலீஸைக் கடந்து போகலாம். மறைக்கத்தான் வேண்டியிருந்தது. 1936இல் மெதாக்ஸாஸ் சர்வாதிகாரம் வந்ததும் இசைத்தட்டுகளுக்குத் தணிக்கை வந்தது, ஹஷீஷ் பாட்டுகள் போயின. அதே ரெம்பெத்திகாவை 2017இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எந்தப் பாட்டுக்காக முதுகில் அடி விழுந்ததோ அந்தப் பாட்டுக்குச் சான்றிதழ். நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

இந்தப் பாட்டுக்காரர்கள் ராகத்தை ‘த்ரோமோஸ்’ என்பார்கள். சாலை, தெரு என்று அர்த்தம். ஹிஜாஸ் என்று ஒரு சாலை இருக்கிறது. அதன் ஒரு வடிவத்தின் ஸ்வரங்களை வரிசையாகச் சொன்னால் நம் மாயாமாளவகௌளை வந்து நிற்கும். பாட்டுக்கு முன்னால் புசூக்கிக்காரர் தாளமில்லாமல் அந்தத் தெருவில் கொஞ்சம் நடந்து காட்டுவார். அதற்கு ‘தக்ஸீமி’ என்று பெயர். ஆலாபனை என்றால் நம்மவர்களுக்குச் சட்டென்று பிடிபடும், ஆனால் அது இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும்.

பிறகு ஆட்டம். ஸெய்பெகிக்கோ என்ற ஆட்டத்துக்கு ஒன்பது எண்ணிக்கை. நம் கச்சேரிக் கணக்கில் சங்கீர்ணம். இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று மேஜைமேல் விரலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். அந்தக் கடைசி மூன்றில் கால் தடுமாறுகிற மாதிரி இருக்கும். அந்தத் தடுமாற்றம்தான் ஆட்டம். ஒருத்தன் மட்டும் எழுந்து ஆடுவான். தலை குனிந்திருக்கும், கை இரண்டும் விரிந்திருக்கும், யாரையும் பார்க்க மாட்டான். அவன் கேட்டு வாங்கிய பாட்டு அது. அப்படிக் கேட்பதற்கு ‘பரங்கெலியா’ என்று பெயர். அகராதியைத் திறந்தால் ‘ஆர்டர்’ என்று இருக்கும், ஹோட்டலில் காபி ஆர்டர் செய்வதற்கும் அதே சொல்தான். எனக்கு அது கிடைத்திருந்தால் ‘நேயர் விருப்பம்’ என்று தமிழாக்கி வைத்திருப்பேன், சத்தியமாக. அந்தப் பாட்டு ஓடுகிற வரைக்கும் அந்தத் தரை அவனுடையது. வேறு யாராவது எழுந்து நின்றால் அது அவமானம். 1973இல் ஏதென்ஸ் இரவு விடுதி ஒன்றில் இப்படிக் கேட்டு வாங்கிய பாட்டுக்குக் குறுக்கே ஆள் வந்தது என்று தகராறு முற்றி, மூன்று போலீஸ்காரர்கள் குத்துப்பட்டுச் செத்தார்கள். ஒரு சொல்லுக்குள் இருக்கும் இந்தக் கத்தி அகராதியில் இல்லை. அந்த மேஜைகளுக்கு நடுவே ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும்.

கவதியாஸுக்குத் திரும்புகிறேன். ரஷ்யாவின் தூரக் கிழக்கில் 1910இல் பிறந்த இந்தக் கிரேக்கர், 1975 பிப்ரவரியில் ஏதென்ஸில் தரையில்தான் இறந்தார். இந்தியப் பெருங்கடல் பக்கம் ஏதாவது ஆழமான இடத்தில் சமாதியாக வேண்டும் என்று ஆசைப்பட்டவனுக்கு எல்லாரையும்போல ஒரு சாதாரணச் சாவுதான் வாய்க்கும் என்று அந்த 1933 கவிதையிலேயே இருக்கிறது. உயிரோடு இருந்தபோது விமரிசகர்கள் அவரைக் கொஞ்சம் கீழாகவே பார்த்தார்கள்: எதுகை வைத்து எழுதுகிறார், துறைமுகத்துப் பச்சைச் சொற்களைப் போடுகிறார் என்று. 1979இல் தானோஸ் மிக்ரூட்சிகோஸ் அவர் கவிதைகளுக்கு மெட்டுப் போட்டு ஒரு தட்டு வெளியிட்டார். அதற்குப் பிறகு கிரேக்கத்தில் அவரைப் பாடாத கல்லூரி விடுதி இல்லை என்கிற நிலை. கிரேக்கர்களுக்குக் கவதியாஸ் ஒரு பாட்டு. நமக்கு அவர் மடக்கி மடக்கி எழுதிய புதுக்கவிதை. காரணம் நான், என்னைப் போன்றவர்கள். ஹோல்ஸ்ட்-வார்ஹாஃப்ட் தன் ஆங்கிலத்தில் எங்கே மூச்சு விட்டார் என்று நான் கவனிக்கவே இல்லை. அர்த்தத்தை மட்டும் உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒப்பாரி பற்றிய அவருடைய நூல் 1992இல் வந்தது. தமிழர்களான நாம் தேடிப் படிக்க வேண்டிய நூல் என்று தனிப்பட்ட முறையில் சொல்வேன். கிரேக்கத்தில் ஒப்பாரிக்கு ‘மிரொலோய்’ என்று பெயர். தெற்கே மானி என்ற வறண்ட மலைப்பகுதி. அங்கே பெண்கள் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து எட்டசை வரிகளில் பாடுவார்கள். செத்தவன் புகழோடு அது நிற்காது. யார் கொன்றான், யார் பழி வாங்க வேண்டும் என்பதும் அந்தப் பாட்டில் வரும். கோவில் பாதிரியாருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வயிற்றைக் கலக்கும் பாட்டு. பயம் இன்று நேற்று வந்ததில்லை. கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே ஏதென்ஸில் சோலோன் என்ற சட்டமியற்றியவர், சாவு வீட்டில் பெண்கள் உடம்பைக் கீறிக்கொள்வதையும் கட்டிய புலம்பல்களைப் பாடுவதையும் தடை செய்தார் என்று புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். சட்டம் போட்டுத் தடுக்கிற அளவுக்கு அழுகையில் என்ன இருந்தது என்று கேட்பதுதான் அந்த நூல். இந்தப் பாட்டுகளில் அடிக்கடி வரும் ‘கயிமோஸ்’ என்ற சொல்லுக்கு அகராதியில் சோகம், ஏக்கம் என்று இருக்கும். வேர்ச்சொல் எரிவது. நம் பாட்டிகள் ‘நெஞ்சு வேகுதே’ என்று பாடுவது அதற்குக் கிட்டத்தட்ட அடுத்த வீடு. ஆங்கிலத்தில் இருக்கும் ஏக்கத்தைப் பார்த்துத் தமிழில் ‘ஏக்கம்’ என்று எழுதுவதைவிட, கிரேக்கக் காதுள்ள ஒருவரின் விளக்கத்தைப் பார்த்து ‘வேகுதே’ என்று எழுத எவ்வளவு பக்கத்தில் வருகிறோம் பாருங்கள்.

கிரேக்கக் கவிஞர் யானிஸ் ரிட்ஸோஸைத் தமிழில் பலரும் மொழிபெயர்த்திருக்கிறோம், நானும் சேர்த்துத்தான். 1936 மே மாதம் தெஸ்ஸலோனிகியில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மேல் போலீஸ் சுட்டது. தெருவில் கிடந்த மகன்மேல் கவிழ்ந்து அழும் தாயின் படம் செய்தித்தாளில் வந்தது. ரிட்ஸோஸ் அதைப் பார்த்து எழுதிய நெடுங்கவிதையின் யாப்பு அப்படியே மானிக்கு வெளியே பாடும் மிரொலோயின் யாப்பு, 15 அசை அடி, ஈரடி ஈரடியாக. மெதாக்ஸாஸ் ஆட்கள் அதன் பிரதிகளை ஏதென்ஸில் ஒலிம்பிய ஸ்யூஸ் கோவில் தூண்களுக்கு முன்னால் போட்டுக் கொளுத்தினார்கள். பிறகு தியோடோராகிஸ் அதற்கு மெட்டமைத்தார், 1960இல் இசைத்தட்டாக வந்தது. மனோலிஸ் கியோட்டிஸ் புசூக்கி வாசிக்க, கிரிகோரிஸ் பிதிகோட்சிஸ் பாடினார். பெரிய சண்டை வந்தது. இவ்வளவு உயர்ந்த கவிதைக்குக் கஞ்சாக் கடை வாத்தியமா என்று ஒரு பக்கம். அது ஜனங்களின் வாத்தியம், கவிதையும் ஜனங்களுடையதுதானே என்று இன்னொரு பக்கம். தமிழில் ரிட்ஸோஸ் எப்படி இருக்கிறார்? இறுக்கமாக, அடங்கிய குரலில், நிறுத்தற்குறிகளோடு. அவர் அப்படியும் எழுதியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் மாரடித்து அழும் ரிட்ஸோஸ் தமிழுக்கு வந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. ஒப்பாரி உள்ள மொழிக்கு ஒப்பாரியை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் இறக்குமதி செய்திருக்கிறோம்.

இந்த வழியில் கெயிலுக்கு முன்னால் நடந்தவர்களில் சாமுவேல் போ-போவியைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். சுவிஸ்காரர், ஜெனீவாவில் 1906இல் பிறந்தவர். அவருக்கும் நூறு வருடம் முன்னால், 1824-25இல், கிளோத் ஃபோரியேல் என்ற பிரெஞ்சுக்காரர் கிரேக்க நாட்டுப்பாடல்களை மொழிபெயர்ப்போடு இரண்டு தொகுதிகளாகப் பாரிஸில் அச்சிட்டிருந்தார். கிரேக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த சமயம், ஐரோப்பா முழுக்கப் படித்தது. ஃபோரியேல் கிரேக்கத்தில் கால் வைத்ததே இல்லை. புலம்பெயர்ந்த கிரேக்கர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டார். அவர் புத்தகத்தில் சொல் இருந்தது, மெட்டு இல்லை. மெட்டைத் தேடிப் போனவர்களில் ஒருவர் போ-போவி. 1930களின் தொடக்கத்தில் தொதெகனீஸ் தீவுகளுக்குப் போனார். அப்போது அவை இத்தாலியின் பிடியில். தீவு தீவாகப் போய்ப் பாட்டையும் மெட்டையும் சேர்த்து எழுதி 1935இலும் 1938இலும் இரண்டு தொகுதிகள் கொண்டுவந்தார். பிறகு கிரீட், பிறகு மலைநாட்டுப் பாட்டுகள். நடுவில் ஜெனீவா இசைப்பள்ளியின் தலைவராகவும் இருந்தார். கிரேக்கப் பாட்டைப் பற்றிய தன் பெரிய நூலை எழுதி முடித்தபோது வருடம் 1983. மூன்று வருடத்தில் போய்ச் சேர்ந்தார்.

அவர் கண்டு சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒட்டோமான் காலத்து மலைக் கொள்ளையர்கள் பற்றிய பாட்டுகளை ‘கிளெஃப்திகோ’ என்பார்கள். புத்தகத்தில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும்: 15 அசை அடி, எட்டில் ஒரு நிறுத்தம், பிறகு ஏழு. பாடும்போது அப்படி இல்லை. மெட்டின் நீளம் ஒன்றரை அடி. பாடகர் முதல் அடியை முழுதாகப் பாடுவார். இரண்டாம் அடியில் எட்டு அசை வந்ததும் மெட்டு முடிந்துவிடும்; வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். மறுபடி தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்து எடுக்க மாட்டார், இரண்டாம் அடியின் தலைக்கே திரும்பிப் போய் அதை முழுதாகப் பாடி, மூன்றாம் அடியில் பாதி வரை வந்து நிற்பார். நடுநடுவே ‘மொரே’, ‘அமான்’ என்று போட்டு அடியை உடைப்பார். சில சமயம் ஒரு சொல்லின் பாதியிலேயே நிறுத்தி, மூச்சு வாங்கி, அந்தச் சொல்லைத் திரும்ப முதலிலிருந்து சொல்வார். ஆக, கேட்கிறவனுக்கு எந்தச் செய்தியும் ஒரே தடவையில் வருவதில்லை. கொள்ளையன் செத்தான் என்பது பாதி சொல்லப்பட்டு, நிறுத்தப்பட்டு, மறுபடி சொல்லப்படுகிறது. நாம் தமிழில் இந்தப் பாட்டுகளை எப்படிப் போடுகிறோம்? எதுகை மோனையோடு, பொடிப்பொடியாக, மடமடவென்று ஓடுகிற நாலடிகளாக. அதையும் நான் செய்திருக்கிறேன். ‘தெம்மாங்கு மாதிரி இருக்கு’ என்று நண்பர் ஒருவர் பாராட்டினார். பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பாட்டு எப்போதும் கவிதைக்கு உண்மையாக இருக்கும் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஜார்ஜ் செஃபெரிஸின் ஒரு சின்னக் கவிதை கிரேக்கத்தில் எல்லாருக்கும் மனப்பாடம், தியோடோராகிஸ் மெட்டின் தயவில். அதன் கடைசியில் ஒரு வரி: இவ்வளவு ஆசையோடும் ஆவேசத்தோடும் வாழ்க்கையை எடுத்துக்கொண்டோம், தப்பு! வாழ்க்கையை மாற்றிக்கொண்டோம். ‘எடுத்துக்கொண்டோம்’ என்பதற்கும் ‘தப்பு’ என்பதற்கும் நடுவே கிரேக்கத்தில் ஒரு மேற்புள்ளி இருக்கிறது, வரியின் இடுப்புயரத்தில் நிற்கும் ஒற்றைப் புள்ளி, நம் அரைப்புள்ளியின் வேலையைச் செய்வது. மெட்டில் அந்தப் புள்ளிக்கு இடமில்லை. பாடும்போது அது ‘வாழ்க்கையைத் தப்பாக எடுத்துக்கொண்டோம்’ என்று ஒட்டிக்கொண்டு ஓடிவிடும். கவிஞருக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் 1971 செப்டம்பரில் அவர் இறந்தபோது, தியோடோராகிஸின் இசையை ராணுவ ஆட்சி தடை செய்திருந்த அந்த நாட்களில், சவப்பெட்டிக்குப் பின்னால் போன ஜனம் தெருவில் பாடியது அதே பாட்டைத்தான். புள்ளி இல்லாமல்.

அந்தப் புள்ளியை ஆங்கிலத்தில் விடாமல் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் எட்மண்ட் கீலியும் ஃபிலிப் ஷெர்ரார்டும். தமிழில் செஃபெரிஸையும் இன்னொரு கிரேக்கக் கவிஞரான கவாஃபியையும் தொட்ட அநேகம் பேர் இவர்கள் கைப்பிடித்தே போயிருப்போம். கீலி அமெரிக்கத் தூதரக அதிகாரியின் மகன், டமாஸ்கஸில் பிறந்து தெஸ்ஸலோனிகியில் சிறுவனாக விளையாடியவர். பிரின்ஸ்டனில் வாழ்நாள் முழுக்கப் பாடம் நடத்தி 2022இல் இறந்தார். ஷெர்ரார்ட் 1946இல் பிரிட்டிஷ் ராணுவத்தோடு ஏதென்ஸ் வந்த ஆங்கிலேயர். போனவர் அங்கேயே வேர் பிடித்து, கிரேக்கத் திருச்சபையில் சேர்ந்து, எவியா தீவில் லிம்னி ஊர்ப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு சுரங்கக் குடியிருப்பில் வீடு வைத்தார். தன் கையால் எழுப்பிய சின்னக் கோவிலுக்குப் பக்கத்தில்தான் 1995இல் அவரைப் புதைத்தார்கள். அவர் மனைவி டெனிஸ் ஹார்வி அதே லிம்னியிலிருந்து நடத்திய பதிப்பகம்தான் கெயிலின் ரெம்பெத்திகா புத்தகத்தைத் திரும்பத் திரும்ப அச்சிட்டது. ஒரு சின்ன மீன்பிடி ஊர். நம் சிற்றிதழ்ப் பக்கங்களில் எத்தனை வரிகள் அந்த ஊர் வழியாக வந்திருக்கின்றன என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது என் கோரிக்கை. மொழிபெயர்ப்பை அச்சிடும்போது எந்த ஆங்கில நூலிலிருந்து, யாருடைய ஆங்கிலத்திலிருந்து என்று ஒரு வரி போடுங்கள். கவிதையின் கீழேயே போடுங்கள், கடைசிப் பக்கத்து எறும்பெழுத்தில் வேண்டாம். கிரேக்கத்துக்கு மட்டும் சொல்லவில்லை. லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வரும் எல்லாவற்றுக்கும்தான். மொழிபெயர்ப்பாளர் அனுப்பவில்லை என்றால் கேளுங்கள். சொல்ல மறுத்தால் திருப்பி அனுப்புங்கள்.

இடமில்லை என்பீர்கள். ஒரு வரி. விளம்பரத்துக்கு அரைப்பக்கம் இருக்கிறது.

வாசகர்களுக்கு அதில் என்ன ஆர்வம் என்பீர்கள். இரண்டு பேர் ஒரே கவிதையைத் தமிழாக்கி, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும்போது வாசகர்தான் முதலில் குழம்புகிறார். ஒருவர் கீலி-ஷெர்ரார்டிலிருந்தும் இன்னொருவர் வேறு யாரிடமிருந்தோ செய்திருப்பார்கள். அது தெரியாமல் நம் விமரிசகர்கள், கிரேக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே, எந்தத் தமிழ் ‘மூலத்துக்கு நெருக்கம்’ என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது, அதையும் நானே சொல்கிறேன். பெயரைப் போட்டால் அனுமதி வாங்கினீர்களா என்ற கேள்வி வரும். மொழிபெயர்ப்புக்கும் காப்புரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்த பிறகும் 60 வருடம். கீலியும் ஷெர்ரார்டும் சேர்ந்து செய்த வரிகளுக்கு, இருவரில் பிந்தி இறந்தவரை வைத்து, 2082 முடியும் வரை. பெயரை விட்டுவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். நம் ‘ஆங்கிலம் வழி’யின் சூட்சுமம் இதுதான். நூற்றைம்பது பிரதி அச்சிடும் சிற்றிதழுக்கு வழக்குப் போட யாரும் வரப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஒரு கடிதம் எழுதிக் கேட்டால் இந்த மனிதர்களில் பலர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். காசில்லாத மொழியின் காசில்லாத பாட்டுக்காக வாழ்நாளைக் கொடுத்தவர்களுக்குக் காசில்லாத இதழைப் புரியாதா? கடிதம் எழுதத் தயங்குவதற்குக் காரணம் பணம் என்று நான் நம்பவில்லை. மூலத்திலிருந்து நேரே செய்த மாதிரி ஒரு தோரணை நமக்குத் தேவைப்படுகிறது.

பெரிய பதிப்பகங்களுக்குக் கூடுதலாக ஒன்று. கவிதைத் தொகுப்பு போடுகிறீர்கள், முன்னுரைக்கு மூன்று பேரைப் பிடிக்கிறீர்கள். அதில் ஒருவரைக் குறைத்துவிட்டு, அந்தக் கவிதைகளில் எவையெல்லாம் பாட்டாக இருக்கின்றன, எந்தப் பதிவில் கேட்கலாம் என்று இரண்டு பக்கம் போடுங்கள். வாசகர் செல்போனில் தேடிக் கேட்டுக்கொள்வார். எங்களைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்களும் கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கும், அதுதான் என் உள்நோக்கம்.

கடைசியாக, அந்தச் சிற்றிதழ் நின்றுபோய்ப் பல காலம் ஆகிறது. ஆசிரியரும் இல்லை. எனவே அங்கே வந்திருக்க வேண்டிய திருத்தத்தை இங்கே போடுகிறேன். உங்களில் யாராவது ஓர் ஓரத்தில் எடுத்துப் போட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்:

திருத்தம்: முன்பு என் பெயரில் வெளிவந்த நிகோஸ் கவதியாஸ் கவிதை, கெயில் ஹோல்ஸ்ட்-வார்ஹாஃப்ட் 1987இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து, அவர் பெயர் சொல்லாமலும் அனுமதி பெறாமலும் தமிழாக்கப்பட்டது. அதில் ‘சென்னை’ என்று வரும் இடத்தில் ‘மெட்ராஸ்’ என்று படிக்கவும்.

அன்புடன்,
ஒரு வழி மொழிபெயர்ப்பாளன்
மெட்ராஸ்